சைலன்சர் மாட்டினால் மட்டும் .22 மேகசின் சிக்குகிறது: எங்கே பார்ப்பது?

கேள்வி

ரைஃபிள் .22 எல்ஆர் (சிறிய வகைத் தோட்டா) செமி-ஆட்டோ, அதாவது ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். சைலன்சர் முறைப்படி உரிமத்தோடு வாங்கியது. மேகசின் (தோட்டாக்களை அடைக்கும் பெட்டி) இரண்டு வகை இருக்கிறது: 10 தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின் மூன்று, 25 தோட்டா பிடிக்கும் வளைந்த மேகசின் இரண்டு.

சைலன்சர் இல்லாமல் சுட்டால் எல்லாமே ஒழுங்காக ஓடுகிறது. மாட்டிவிட்டால் முதல் 80 தோட்டா வரைக்கும் பரவாயில்லை, அதற்குப் பிறகு இரண்டு விதமாகச் சிக்குகிறது. ஒன்று, போல்ட் (முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை ஏற்றும் துண்டு) முன்னால் வந்து மூடிக்கொள்கிறது, ஆனால் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இல்லை. தோட்டா மேகசினிலேயே உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று 25 தோட்டா மேகசினில் மட்டும்: தோட்டாவின் மூக்கு கீழே குனிந்து முன்சுவரில் முட்டி நின்றுவிடுகிறது.

மேகசினைத் திறந்தால் உள்ளே கருப்பாகக் களிம்பு மாதிரி ஒட்டியிருக்கிறது. சுலபமாக நகரட்டும் என்று உள்ளே கொஞ்சம் துப்பாக்கி எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். தோட்டா 40 கிரெயின் (குண்டின் எடை), வெறும் ஈயக் குண்டு, சாதாரண வேகம்.

எத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை மேகசினைச் சுத்தம் செய்ய வேண்டும்? எதை வைத்துச் செய்வது? எண்ணெய் விடலாமா, கூடாதா? ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1

முதலில் அந்த எண்ணெயைத் துடைத்து எடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான். ஏன் என்று சொல்கிறேன்.

.22 செமி-ஆட்டோக்கள் பெரும்பாலும் புளோபேக் வகை. போல்ட் எதிலும் பூட்டிக்கொள்வதில்லை. அதன் எடையும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும்தான் கூட்டை (மருந்து அடைத்த உலோகக் குப்பி) சேம்பரில் பிடித்து வைக்கின்றன. சைலன்சர் இல்லாதபோது குண்டு குழல் முனையைத் தாண்டியதும் வாயு பெரும்பாலும் முன்பக்கமாக வெளியேறிவிடும். சைலன்சர் அந்த வாயுவைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகிறது. அது முழுதாக வெளியேறுவதற்குள் போல்ட் பின்னால் கிளம்பி, காலிக் கூடும் சேம்பரை விட்டு வந்துவிடுகிறது. மிச்ச வாயுவுக்கு இப்போது இரண்டு வாசல். பின்வாசல் வழியாக வருவது கரியையும், எரியாத மருந்துத் துகளையும், ஈயப் பொடியையும் சுமந்துகொண்டு நேராக ரிசீவருக்குள் (போல்ட் ஓடும் உடற்பகுதி) வருகிறது. அதற்குச் சரியாகக் கீழே இருப்பது மேகசினின் வாய்.

.22 எல்ஆர் தோட்டாவுக்கு இன்னொரு குணம் உண்டு. குண்டின் விட்டமும் கூட்டின் விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றே. மெழுகு குண்டின் வெளிப்புறத்தில்தான் பூசப்பட்டிருக்கும். மேகசினில் மேலே காத்திருக்கும் அடுத்த தோட்டாவை விரலால் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுப்பு தெரியும். பின்னால் வரும் துகளெல்லாம் அந்த மெழுகில் ஒட்டிக்கொள்கிறது, மேகசின் சுவரில் தேய்ந்து அங்கேயும் படிகிறது. அதோடு எண்ணெயும் சேர்ந்தால் நீங்கள் பார்த்த களிம்புதான். அந்தத் துகளை விரலிடையில் வைத்துத் தேய்த்தால் நறநற என்று இருக்கும். அதுதான் ஃபாலோயருக்கும் (தோட்டாக்களை அடியிலிருந்து மேலே தள்ளும் துண்டு) சுவருக்கும் நடுவே போய் உட்கார்கிறது.

இனி உங்கள் முதல் சிக்கல். போல்ட் பின்னால் போய்த் திரும்பி வருவதற்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே ஏற்றி உதட்டில் (மேல் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேகசின் வாயின் ஓரம்) கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இது ஒவ்வொரு சூட்டிலும் நடக்கும் பந்தயம். சைலன்சர் இந்தப் பந்தயத்தை இரண்டு பக்கமும் கெடுக்கிறது: பின்னழுத்தம் கூடுவதால் போல்ட் வேகம் கூடுகிறது, அழுக்கு சேர்வதால் தோட்டா ஏறும் வேகம் குறைகிறது. 80 தோட்டா வரை ஸ்பிரிங் ஜெயிக்கிறது, அதற்குப் பிறகு போல்ட் ஜெயிக்கிறது. தோட்டாவின் விளிம்பு (கூட்டின் பின்முனையில் அகலமாக நிற்கும் வட்டம்) போல்ட் முகத்துக்கு எட்டும் உயரத்துக்கு வருவதற்குள் போல்ட் அதன் தலைக்கு மேலேயே ஓடிவிடுகிறது. சேம்பர் காலியாக மூடிக்கொள்வது அதனால்தான்.

ஆனால் இதே அறிகுறிக்கு நேர் எதிரான காரணமும் உண்டு. வேகம் குறைந்த தோட்டா போல்ட்டை முழுத் தூரம் தள்ளாவிட்டால், போல்ட் அடுத்த தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போகாமலே திரும்பிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பிரித்துப் பார்க்கக் காலிக் கூடுகளைக் கவனியுங்கள். கூடுகள் வழக்கத்தைவிடத் தூரமாகவும் வேகமாகவும் தெறித்தால் போல்ட் வேகம் அதிகம், மேகசின் பின்தங்குகிறது. காலடியிலேயே சோம்பலாக விழுந்தாலோ, வெளியேறும் வாயிலேயே நிமிர்ந்து மாட்டிக்கொண்டாலோ போல்ட் முழுத் தூரம் போகவில்லை. அப்போது மேகசினை எத்தனை கழுவினாலும் பயனில்லை. சேம்பரையும் போல்ட்டையும் தோட்டாவையும் பார்க்க வேண்டும்.

எத்தனையாவது தோட்டாவில் சிக்குகிறது என்பதையும் குறித்து வையுங்கள். இதுதான் இருப்பதிலேயே நல்ல துப்பு. மேகசின் நிறைய இருக்கும்போது, முதல் இரண்டு மூன்று தோட்டாவுக்குள் சிக்கினால், அடியிலிருந்து வரும் அழுத்தம் அதிகமாகி மேல் தோட்டா போல்ட்டின் அடிப்பகுதியை உரசிப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். 25-க்குப் பதில் 20 அடைத்துப் பாருங்கள். கடைசி மூன்று நான்கில் சிக்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஃபாலோயர் மேல்பாதியில் உரசுகிறது. பெரும்பாலும் மேல்பாதிதான், ஏனென்றால் அழுக்கு அங்கேதான் அதிகம் விழுகிறது. நடுவில் எங்காவது தாறுமாறாகச் சிக்கினால் தோட்டாக்கள் அடுக்கப்பட்ட விதத்தைப் பாருங்கள்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மேகசினின் அடியிலும் பெயின்ட் பேனாவால் எண் போடுங்கள். ஒரே மேகசின் மட்டும் திரும்பத் திரும்பச் சிக்கினால் குறை அதில் இருக்கிறது. ஐந்துமே சிக்கினால் ரைஃபிளில் இருக்கிறது. எண் போடாமல் ஐந்து மேகசினையும் கலந்து சுட்டுவிட்டுத் துப்பாக்கியைக் குறை சொல்வதில் பயனில்லை.

மறுமொழி 2

மேலே சொன்னதெல்லாம் சரி. கழுவும் முறையை நான் எழுதுகிறேன், ஏனென்றால் மேகசின்கள் பாழாவது பெரும்பாலும் சுட்டதால் இல்லை, தவறான திரவத்தில் ஊறப்போட்டதால்.

தொடங்கும் முன் நைட்ரைல் கையுறை போடுங்கள். .22 அழுக்கில் குண்டிலிருந்து வரும் ஈயம் மட்டுமில்லை, பெரும்பாலான தோட்டாக்களில் விளிம்புக்குள் இருக்கும் பிரைமர் கலவையிலிருந்து (ஊசி அடித்ததும் முதலில் தீப்பற்றுவது) வரும் ஈயமும் இருக்கிறது. சைலன்சர் போட்டால் அதில் ஒரு பங்கு முன்னால் போகாமல் உங்கள் பக்கமே திரும்புகிறது. சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். மேகசினுக்குள் வாயால் ஊதவே ஊதாதீர்கள். மூடிய அறையில் காற்றழுத்தக் குப்பி அடித்தால் காய்ந்த ஈயப் பொடி மூச்சில் போகும். ஈரமாக்கித் துடைப்பதுதான் பாதுகாப்பு. கடைசியில் கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவும் பிளாஸ்டிக் டப்பாவும் பிரஷும் இதற்கென்றே தனியாக இருக்கட்டும்.

25 தோட்டா மேகசின் என்றால் அடித்தட்டைக் கழற்றுங்கள். கழற்றும்போது கட்டை விரலால் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே தட்டை நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் பாய்ந்து ஏதாவது மூலையில் போய் விழும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் எந்த முனை மேலே, எந்தப் பக்கம் முன்னால் என்று ஒரு படம் எடுத்துவிட்டு வெளியே எடுங்கள். தலைகீழாகப் போட்ட ஸ்பிரிங் ஃபாலோயரை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். உங்கள் இரண்டாவது சிக்கலான மூக்குக் குனிதலுக்கு இதுவும் ஒரு காரணம்.

உடலையும் ஃபாலோயரையும் வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். கொதிநீர் வேண்டாம். நைலான் பிரஷால் மூன்று இடங்களைத் தேயுங்கள்: உதடுகளின் உட்புற மூலை, ஃபாலோயர் ஓடும் பள்ளம், முன்சுவரின் மேல் இரண்டு சென்டிமீட்டர். உதட்டின் உள்மூலையில் பிரஷ் எட்டாது. அங்கே கெட்டியாகிப்போன மெழுகுக்கரி ஒரு மெல்லிய விளிம்பு மாதிரி நிற்கும். மரப் பல்குத்தியை எடுத்து அந்த மூலை நெடுக இழுத்தால் கருப்பு நூல் மாதிரி சுருண்டு வரும். தோட்டா எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது அந்த உதடுதான். அங்கே அரை மில்லிமீட்டர் படிந்தாலும் தோட்டா அரை மில்லிமீட்டர் தாழ்ந்துதான் நிற்கும். அந்த இடத்தில் இரும்புக் குத்தூசி வேண்டாம், பிளாஸ்டிக்கில் கோடு விழுந்தால் அடுத்த முறை அழுக்கு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

உள்ளே தெரியும்படி இருக்கும் கண்ணாடி போன்ற மேகசின்களில் பல பாலிகார்பனேட்டில் செய்யப்பட்டவை. அசிட்டோன், பிரேக் கிளீனர், வாசனை கடுமையான ஸ்ப்ரே எதுவும் அதன்மேல் படக்கூடாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். சில நாள் கழித்துத் திருகு ஓட்டையைச் சுற்றியும் உதட்டின் அடியிலும் முடிபோன்ற விரிசல் ஓடும், பிறகு ஒருநாள் உதடு உடையும். கறுப்பு நைலான் மேகசின்கள் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் சோப்புத் தண்ணீரே போதும் என்பதுதான் என் கருத்து.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஈயத்தைக் கரைக்க வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறவைக்கும் யோசனை சைலன்சர் பேச்சில் அடிக்கடி வரும். மேகசினுக்கு அது கூடவே கூடாது. அந்தத் திரவம் ஈயத்தை லெட் அசிடேட்டாக மாற்றிவிடும். தண்ணீரில் கரைந்த ஈயம், கடும் விஷம், சாக்கடையிலும் ஊற்ற முடியாது. போதாததற்கு எஃகு ஸ்பிரிங்கையும் அரிக்கும்.

கழுவியதும் நல்ல தண்ணீரில் அலசி, உதறி, துணிமேல் வாய் கீழாக ஓர் இரவு வையுங்கள். ஸ்பிரிங்கை மட்டும் தனியாக உடனே துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை உருவி, பிறகு காய்ந்த துணியால் அந்த எண்ணெயையும் துடைத்து எடுங்கள். துருப்பிடிக்காமல் இருக்க அந்த மெல்லிய படலம் போதும். கையில் எடுத்தால் விரலில் பளபளப்பு ஒட்டக்கூடாது.

எத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு: சைலன்சரோடு செமி-ஆட்டோவில் ஈயக் குண்டு சுட்டால், ஒரு மேகசினுக்கு 150 முதல் 200 தோட்டாவில் இந்த முழுக் கழுவல் நல்லது. நடுவில் சுடுமிடத்திலேயே ஒவ்வொரு 50 தோட்டாவுக்கும் காலி மேகசினைத் தலைகீழாக உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, உதட்டையும் ஃபாலோயரின் மேற்பரப்பையும் நைலான் பிரஷால் ஒரு இழு இழுத்தால் போதும். சுத்தமான மேகசினில் ஃபாலோயரை விரலால் அடிவரை அழுத்திவிட்டால் ‘டக்’ என்று மேலே வந்து உதட்டில் மோதும். அந்தச் சத்தம் மந்தமானால் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைவிட நான் இந்தச் சத்தத்தைத்தான் நம்புவேன்.

மறுமொழி 3

எண்ணெய் பற்றி ஒரு சிறு மாற்றுக் கருத்து. ஈர எண்ணெய் கூடாது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் முழுக்க உலர்வாக விடுவதைவிட, ஃபாலோயரின் பக்கவாட்டில் உலர் மசகு இருந்தால் இடைவெளி நீளும். பிடிஎஃப்இ (டெஃப்லான்) உலர்படல ஸ்ப்ரேயை ஒரு துணியில் அடித்து ஃபாலோயரில் தடவி, கரைப்பான் முழுக்க ஆவியாகும்வரை காயவிட்டுப் பிறகு பொருத்துங்கள். தெளிவான பிளாஸ்டிக் உடலின்மேல் நேராக அடிக்காதீர்கள், அந்த ஸ்ப்ரேயிலும் கரைப்பான் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் கிராஃபைட் பொடி. மென்மையான பென்சிலை ஃபாலோயரின் பக்கங்களில் தேய்த்தாலும் வேலை நடக்கும். சுவரில் தடவ வேண்டாம், ஃபாலோயரில் மட்டும் போதும்.

மூக்குக் குனியும் சிக்கலுக்கு அடுக்கும் முறையைப் பாருங்கள். .22 எல்ஆர் கூட்டின் விளிம்பு சுமார் 7 மில்லிமீட்டர் விட்டம், கூட்டின் உடல் அதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருந்தாக வேண்டும். ஒரே ஒரு தோட்டா பின்னால் மாட்டிக்கொண்டால், போல்ட் தள்ளும்போது அது கீழ்த் தோட்டாவையும் சேர்த்து இழுக்கும், அப்போது மூக்கு தாழும். விளிம்புப் பூட்டு என்று சொல்வது இதைத்தான்.

ஃபாலோயரைக் கீழே இழுக்கப் பக்கத்தில் குமிழ் உள்ள மேகசின்களில் (ஸ்மித் அண்ட் வெஸன் எம்&பி 15-22 மாதிரி) இது எளிதில் நடக்கும். குமிழை அடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு தோட்டாக்களைக் கொட்டினால் அவை தாறுமாறாக விழும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் அந்தத் தோட்டா நுழையும் அளவுக்கு மட்டும் குமிழை இறக்குங்கள், விளிம்பைப் பின்சுவரோடு ஒட்டி வையுங்கள், அடுத்ததற்கு மறுபடி கொஞ்சம் இறக்குங்கள். அழுக்கு மேகசினில் விளிம்பு பின்சுவர்வரை வழுக்கிப் போகாமல் மெழுகில் ஒட்டி நடுவழியில் நிற்கும். அதனால்தான் சைலன்சர் மாட்டி 80 தோட்டா ஆனபிறகு இந்தச் சிக்கல் தலைகாட்டுகிறது. அடைத்து முடித்ததும் மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

தோட்டாத் தேர்வும் முக்கியம். சைலன்சருக்கு ஒலி வேகத்துக்குக் கீழே ஓடும் தோட்டாதான் பொருத்தம்; 20 டிகிரியில் ஒலி வேகம் நொடிக்கு 343 மீட்டர், 0 டிகிரியில் 331. சாதாரண வேகத் தோட்டாக்கள் பெரும்பாலும் 325-க்குப் பக்கத்தில் இருக்கும். குளிர் நாளில் அவற்றில் சில வெடிப்பொலி எழுப்புவதும் இதனால்தான். மெழுகு கனமாகப் பூசிய போட்டித் தோட்டாக்கள் துல்லியமானவை, ஆனால் செமி-ஆட்டோ மேகசினை அவைதான் சீக்கிரம் அடைக்கும். செம்பு முலாம் பூசிய குண்டு வேக வரம்புக்குள் கிடைத்தால் மேகசின் நெடுநேரம் சுத்தமாக இருக்கும். குண்டின் மெழுகைத் துணியால் துடைத்துவிட்டுச் சுடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மேகசினுக்காகப் பூசியதில்லை, குழலுக்காகப் பூசியது. எடுத்துவிட்டால் குழலில் ஈயம் ஒட்டும், அதே ஈயம் சைலன்சருக்குள்ளும் போய்ச் சேரும்.

போல்ட்-ஆக்‌ஷன் வைத்திருப்பவர்களுக்கு இதில் கால்பங்குதான் பொருந்தும். கையால் போல்ட்டைத் திறப்பதற்குள் வாயு அடங்கிவிடுவதால் மேகசினில் விழும் கரி மிகக் குறைவு. அங்கே சேர்வது மெழுகுதான்.

கேட்டவர்

எல்லாவற்றுக்கும் நன்றி. எண் போட்டுச் சோதித்தேன். கூடுகள் வழக்கத்தைவிடத் தூரமாகத் தெறிக்கின்றன. 25 தோட்டா வகை இரண்டும் கழுவி உலர்த்தியபின் 120 தோட்டா தாண்டியும் சிக்கவில்லை. சுழல் வகையில் 2-ஆம் எண் மட்டும் கடைசி இரண்டு தோட்டாவில் இன்னும் பின்தங்குகிறது. இதைப் பிரிக்கலாமா? ஸ்பிரிங் முறுக்கு போய்விடும் என்று சொல்கிறார்கள்.

மறுமொழி 1

கூடு தூரம் போகிறது என்றால் போல்ட் வேகம் அதிகம்தான். முடிவு தெளிவாகிவிட்டது.

சுழல் மேகசினில் (ரூகர் 10/22 வந்த 1964-லிருந்தே இந்த வடிவம்தான்) நடுவில் இருக்கும் ரோட்டர் ஒவ்வொரு தோட்டாவையும் தனித்தனிப் பள்ளத்தில் பிடித்துக்கொள்கிறது. விளிம்புப் பூட்டுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் முழுச் சுமையும் ரோட்டரைத் திருப்பும் ஒற்றைச் சுருள் ஸ்பிரிங்மேல். அது கடைசித் தோட்டாவுக்கு வரும்போது முறுக்கில் பெரும்பகுதி அவிழ்ந்திருக்கும். உராய்வு கொஞ்சம் கூடினாலும் கடைசி இரண்டு தோட்டாதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பிரிக்காமல் முதலில் முயலுங்கள். காலி மேகசினைச் சோப்புத் தண்ணீரில் மூழ்கவிட்டு, மழுங்கிய மரக்குச்சியால் ரோட்டரைத் தள்ளித் தள்ளி விடுங்கள். இருபது முப்பது முறை செய்தால் கருப்புத் தண்ணீர் வரும். தண்ணீரை மாற்றி மறுபடி. தெளிந்த தண்ணீர் வரும்வரை செய்து, அலசி, இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். பல மேகசின்கள் இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால் பிரிக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். மையத் திருகைத் தளர்த்தியதும் முறுக்கைப் பிடித்திருக்கும் அறுகோண நட்டு விடுபட்டுச் சுழலப் பார்க்கும். அதன்மேல் ஒரு புள்ளி வைத்து, விரலால் அடக்கிப் பிடித்து, ஒவ்வொரு முகமாக விட்டு, முறுக்கு முழுதும் அவிழும்வரை எத்தனை முகம் என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு ஆறு முகம். நன்றாக ஓடும் 1-ஆம் எண் மேகசினையும் அதேபோல் எண்ணுங்கள். 2-ஆம் எண்ணில் குறைவாக வந்தால் யாரோ முன்பு பிரித்து முறுக்கைக் குறைத்து மாட்டியிருக்கிறார்கள். இரண்டிலும் ஒரே எண் வந்தால் குறை அழுக்கு, அல்லது ஸ்பிரிங்கே தளர்ந்திருக்கிறது.

ரோட்டரின் இரண்டு முனையிலும் இருக்கும் தாங்கு இடத்தைப் பாருங்கள். மருந்துத் துகள் அந்த வளையத்தில்தான் ஒளிந்திருக்கும், வெளியிலிருந்து கழுவினால் போகாது. காய்ந்த பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுங்கள். உதடாக வேலை செய்யும் எஃகுத் துண்டைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, அந்த எண்ணெயையும் துடைத்துவிடுங்கள்.

மாட்டும்போது 1-ஆம் எண்ணில் எண்ணிய அதே முகத்துக்கு முறுக்குங்கள். வேண்டுமானால் ஒரு முகம் கூட்டலாம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்: நிறைய அடைத்த நிலையில் மேல் தோட்டா போல்ட்டை இறுக்கிப் பிடிக்கும், பத்தாவது தோட்டாவை அடைக்கக் கட்டை விரல் வலிக்கும். திருகைப் பிளாஸ்டிக் நசுங்கும் அளவுக்கு முறுக்காதீர்கள், ரோட்டர் இரண்டு மூடிக்கும் நடுவே இறுகிவிடும். மாட்டி முடித்ததும் ரோட்டரைக் குச்சியால் தள்ளி விட்டுப் பாருங்கள், தயங்காமல் திரும்ப வேண்டும்.

வளைந்த மேகசினில் ஸ்பிரிங் தளர்ந்ததா என்று பார்ப்பது இன்னும் எளிது. இரண்டு ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள். ஒன்று தெளிவாகக் குட்டையாக இருந்தால் அதை மாற்றுங்கள். இழுத்து நீட்டி மறுபடி போடும் வழக்கம் உண்டு. ஒரு நாள் சமாளிக்கும், பிறகு பழையபடி சுருங்கிவிடும். உலோக உதட்டைக் குறடால் வளைத்துச் சரிசெய்வதும் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வளைக்கக் கையால் முடியாது, தோட்டா கோணலாகத்தான் ஏறும். மேகசின் தேய்மானப் பொருள், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மறுமொழி 2

ஒரு முக்கியமான எச்சரிக்கை விட்டுப்போயிருக்கிறது. போல்ட் ஒழுங்காக இயங்காத ஒவ்வொரு முறையும் மேகசின்மேல் பழி போட்டுவிட்டு, கையால் இழுத்து அடுத்ததைச் சுடாதீர்கள். மருந்து குறைந்த தோட்டா ஒன்று வந்தால் குண்டு குழலிலேயோ சைலன்சருக்குள்ளேயோ நின்றுவிடும். சைலன்சர் இல்லாதபோது அந்தச் சூட்டின் சத்தம் வித்தியாசமாக ‘புஸ்’ என்று கேட்கும், உடனே பிடித்துவிடலாம். சைலன்சர் இருந்தால் நல்ல சூடும் மெல்லத்தான் கேட்கிறது, வித்தியாசம் காதுக்குத் தெரியாமல் போகலாம். போல்ட் பாதி வழியில் திரும்பிய அந்தச் சூடு அப்படிப்பட்டதாகவும் இருக்கலாம்.

அதனால் வரிசை இது: குழல் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும். ஊசி விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் 30 நொடி அப்படியே காத்திருங்கள். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு போல்ட்டைத் திறங்கள். சேம்பரில் என்ன இருந்தது என்று பாருங்கள். சுடாத தோட்டா வந்தாலோ, சேம்பர் காலியாக இருந்து தோட்டா மேகசினிலேயே இருந்தாலோ, முந்தைய குண்டு இலக்கில் விழுந்ததும் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தொடரலாம். காலிக் கூடு வந்தாலோ, இலக்கில் ஓட்டை இல்லை என்றாலோ சைலன்சரைக் கழற்றி, சேம்பர் பக்கமிருந்து சுத்தம் செய்யும் கம்பியை விட்டுக் குழல் முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது. தடைபட்ட குழலில் அடுத்த குண்டு போனால் குழல் வீங்கும்.

இன்னொரு சிறு விஷயம். 2-ஆம் எண் சிக்குவது நின்றபிறகும் மேகசின் ரைஃபிளில் முழு உயரத்துக்கு ஏறிப் பூட்டுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். சைலன்சர் கரி மேகசின் நுழையும் குழியிலும், பூட்டுக் கொக்கியின் பின்னாலும் சேர்கிறது. அங்கே படிந்த கரியால் மேகசின் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றால், கழுவி முறுக்கிய மேகசினும் பழையபடி போல்ட்டுக்குக் கீழேயே நிற்கும். ரைஃபிள் காலி என்று உறுதிசெய்து, போல்ட்டைத் திறந்து வைத்து, காலி மேகசினைப் பூட்டி, அடியிலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். ‘கிளிக்’ என்று பூட்டியபிறகும் மேலே ஏற இடம் இருந்தால் கொக்கியின் பின்பக்கத்தைப் பல்குத்தியால் சுரண்டி எடுங்கள்.

கேட்டவர்

கொக்கியின் பின்னால் கெட்டியாக ஒரு படலம் இருந்தது, எடுத்துவிட்டேன். 2-ஆம் எண்ணில் நட்டு 7 முகம், 1-ஆம் எண்ணில் 9. அதையும் 9-க்கு முறுக்கி மாட்டிவிட்டேன். சைலன்சரோடு 100 தோட்டா, கடைசித் தோட்டா உட்பட எல்லாம் ஏறியது.

மறுமொழி 3

நல்லது. 2-ஆம் எண்ணின் அடியில் முறுக்கிய தேதியையும் 9 என்ற எண்ணையும் பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்து கடைசித் தோட்டாவில் எப்போது தயங்குகிறது என்று பாருங்கள். 150 தோட்டாவுக்கு முன்னாலேயே மறுபடி தயங்கினால் அந்த ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள், இன்னும் ஒரு முகம் கூட்ட வேண்டாம்.